பாவா ஆதம் மலையும் ஒரு சீனப் பயணியும்

சென்ற தவணையில் சீறாப்புராணத்தின் நாட்டுப்படலத்தைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஒரு மாணவன் எழுந்து, "சேர், அரபு நாட்டில ஏது இவ்வளவு ஆறும் வயலும்? புலவர் பொய் சொல்றாரா?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. காப்பிய மரபு அப்படித்தான் என்று கூறி அவனை உட்கார வைத்தேன். அந்தப் பதில் எனக்கே போதவில்லை.

விடுமுறையில் வெள்ளவத்தையிலுள்ள சாச்சா வீட்டுக்கு வந்தபோது, கொழும்பு நூதனசாலைக்குப் போய் காலி மும்மொழிக் கல்வெட்டின் முன் நின்றேன். 1911இல் காலியில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்த நிலையில் கண்டெடுக்கப்பட்ட கல் அது. சீனப் பேரரசர் யோங்லேயின் பெயரில் 1409ஆம் ஆண்டுத் திகதியுடன் பொறிக்கப்பட்டு, கடற்படைத் தலைவர் செங் ஹவால் கொண்டுவரப்பட்டது. சீன மொழிப் பகுதி புத்தரைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி தெவிநுவரைத் தேனாவரை நாயனாரைப் போற்றுகிறது. பாரசீகப் பகுதி இஸ்லாத்துக்குரியது. மூன்றிலும் அதிகம் சிதைந்திருப்பதும் அதுவே. மூன்றும் ஒன்றன் மொழிபெயர்ப்பு மற்றொன்றல்ல. அந்தந்த மொழியாரிடம் அவரவர் சொற்களிலேயே பேசுகின்றன.

செங் ஹ யுன்னான் மாகாணத்து முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். அவரது கப்பல்கள் காணிக்கைகளை மட்டும் கொண்டுவரவில்லை என்பதையும் மறைக்கலாகாது. 1411இல் அழகக்கோனார் சிறைபிடிக்கப்பட்டுச் சீனாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். கல்லின் பணிவான வாசகங்களுக்குப் பின்னால் படைபலமும் நின்றது.

அதன் பின்னர், 1413இல் புறப்பட்ட பயணத்தில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தவர் மா ஹுவான். அவரும் முஸ்லிம். தாம் கண்ட நாடுகளைப் பற்றி அவர் எழுதிய 'யிங்யா ஷெங்லான்' என்ற நூலின் முன்னுரை 1416ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நூலின் தொடக்கத்தில் அவரது பயணக் கவிதை ஒன்றும் உண்டு. சீன மரபுக் கவிதையில் ஓர் எழுத்து ஓர் அசை. அடிக்கு ஐந்து அல்லது ஏழு எழுத்துகள் வருவது பெருவழக்கு. மா ஹுவான் எடுத்துக்கொண்டது ஏழெழுத்து அடி. தாங் காலத்துப் பெருங்கவிஞர்கள் கையாண்ட அதே அடியில், ஒரு முஸ்லிம் பயணி இலங்கையையும் கொச்சியையும் கோழிக்கோட்டையும் பெயர் சொல்லிப் பாடியிருக்கிறார்.

அவரது இலங்கை அத்தியாயத்தில் நாம் நின்று வாசிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. மலையுச்சியிலுள்ள பாதச்சுவட்டை அவர் ஆதி பிதா ஆதமுடையது என்கிறார். சீன வாசகனுக்கு ஆதமை யாரென்று தெரியாது. ஆகவே, அவர்தான் பாங்கூ என்றும் சேர்த்துச் சொல்கிறார். சீனத் தொன்மத்தில் வானையும் பூமியையும் பிரித்து நின்ற ஆதி புருஷன் பாங்கூ.

ஆதம் நபியும் பாங்கூவும் ஒருவரல்லர். நமது அகீதா இதை ஏற்காது. மா ஹுவானும் மார்க்க நூல் எழுதவில்லை. தம் மக்களின் இலக்கியத்தில் 'முதல் மனிதர்' என்ற இடத்துக்கு மிக அருகில் எந்தச் சொல் இருந்ததோ, அதை எடுத்து வாசகனின் கையில் கொடுத்தார். ஆதமின் பெயரை அவர் விட்டுவிடவில்லை. சீனச் சொல்லுக்கும் அவர் கூசவில்லை.

பதினேழாம் நூற்றாண்டில் உமறுப்புலவர் செய்ததும் இதுவே. மழையையும் ஆற்றையும் வயலையும் பாடித் தொடங்கும் காப்பியத்தையே தமிழ்க் காது அறிந்திருந்தது. அந்த வாசல் வழியாகத்தான் அவர் நபிகளாரின் சரிதையை உள்ளே அழைத்துவந்தார். ஒருவர் சீனத்து அடியில், மற்றவர் தமிழ் விருத்தத்தில். இருவரும் மார்க்கத்தையும் இழக்கவில்லை, மொழியையும் இழக்கவில்லை.

தமிழ் இலக்கிய மரபு நமக்கு எவ்வளவு உரியது என்ற கேள்வி நம் வீடுகளிலும் பாடசாலைகளிலும் அவ்வப்போது எழுகிறது. பிள்ளைகள் அதை நேரே கேட்பதில்லை. வயலையும் ஆற்றையும் பற்றிக் கேட்கிறார்கள். அந்த மாணவனுக்கு நான் பதில் கடன்பட்டிருக்கிறேன். புலவர் பொய் சொல்லவில்லை, மகன். உனக்கு விளங்கும்படி சொன்னார். அடுத்த தவணையில் மா ஹுவானிலிருந்து பாடத்தைத் தொடங்க எண்ணியிருக்கிறேன்.