மெட்ரோ என்றால் பாதாளமா?

பொன்னமராவதியில் ரயில் நிலையம் கிடையாது. எந்த ஊருக்குக் கிளம்பினாலும் முதலில் பஸ்தான். ஆனால், அந்த ஊர்ப் பள்ளிக்கூடப் பையனிடம், ‘மெட்ரோன்னா என்னப்பா?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘பூமிக்கு அடியில ஓடுற ரயில்’ என்பான்.

வேடிக்கை என்னவென்றால், அந்த வார்த்தைக்குள் பூமியும் இல்லை, ரயிலும் இல்லை!

கிரேக்க மொழியில் ‘மேட்டர்’ என்றால் தாய், ‘போலிஸ்’ என்றால் நகரம். மெட்ரோபோலிஸ் - தாய் நகரம். கடல் கடந்து போய்க் குடியேறிய கிரேக்கர்கள், தாங்கள் புறப்பட்டு வந்த ஊரை அப்படித்தான் சொன்னார்கள். ‘தலைநகர்’, ‘பெருநகர்’ என்ற அர்த்தமெல்லாம் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டவை.

1863 ஜனவரி 10. லண்டனில் பேடிங்டனுக்கும் ஃபேரிங்டனுக்கும் நடுவே உலகின் முதல் சுரங்க ரயில் ஓடியது. இழுத்தது நீராவி இன்ஜின். சுரங்கத்துக்குள் எவ்வளவு புகை மண்டியிருக்கும், யோசித்துப் பாருங்கள்! நடத்திய கம்பெனியின் பெயர் ‘மெட்ரோபாலிட்டன் ரயில்வே’. 1900-ல் ரயில் விட்ட பாரிஸ் கம்பெனியும் ‘மெட்ரோபாலிட்டன்’ என்றே பெயர் வைத்துக்கொண்டது. அவ்வளவு நீளமாகச் சொல்ல யாருக்குப் பொறுமை? பாரிஸ்காரர்கள் வாலை நறுக்கிவிட்டார்கள். பிறந்தது ‘மெட்ரோ’!

லண்டன்வாசிக்கு அது ‘ட்யூப்’. நியூயார்க்கில் ‘சப்வே’. அதை நம்பி, தி.நகர் துரைசாமி சப்வேயில் போய் ரயிலுக்காக நிற்காதீர்கள். அங்கே ரயில் உங்கள் தலைக்கு மேலே போகும்!

இந்தியாவின் முதல் சுரங்க ரயில் 1984-ல் கல்கத்தாவில் ஓடியது. சென்னைவாசிகளுக்கோ அப்போது மெட்ரோ என்றால் தண்ணீர்! 1978-ல் உருவான பெருநகரக் குடிநீர் வாரியம்தான் ‘மெட்ரோ வாட்டர்’. ‘மெட்ரோ வந்துடுச்சு’ என்று குரல் கேட்டால், குடத்தைத் தூக்கிக்கிட்டு லாரிக்கு ஓட வேண்டும். ரயில் வந்தது 2015 ஜூன் 29-ல், கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூருக்கு. அதுவும் பாலத்தின் மேலே! பூமிக்குள் இறங்கியது 2017 மே மாதத்தில்தான்.

1987-லேயே ரயில் விட்ட சிங்கப்பூரில் பேச்சு வழக்கு ‘எம்.ஆர்.டி.’ அங்குள்ள தமிழ்ச் செய்திகளில் ‘பெருவிரைவு ரயில்’. அழகான தமிழ். அதில் தாய் மட்டும் இல்லை.

பொன்னமராவதியிலிருந்து சிங்கப்பூருக்குப் பிழைக்கப் போன ஒருவர், தினமும் அந்த ரயிலில்தான் வேலைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பழைய கிரேக்கர் கணக்குப்படி, அவருடைய ‘மெட்ரோபோலிஸ்’ எது?

சிங்கப்பூர் இல்லை, சென்னையும் இல்லை. ரயிலே வராத பொன்னமராவதிதான்!