சூரிய அடுப்புக்குப் படி அளந்த கதை



ஈர விறகோடு போராடிய நாள்களை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஊதுகுழலால் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் அடுப்பு அணைந்துவிடும். ஒரு கட்டத்தில் விறகு தானாகவே பற்றிக்கொள்ளும். பிறகு ஊத வேண்டியதில்லை. விஞ்ஞானிகள் எழுபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தேடி வருவது அத்தகைய ஓர் அடுப்பைத்தான்.

சூரியனுக்குள் சிறிய அணுக்கருக்கள் ஒன்றோடொன்று இணைகின்றன. அதிலிருந்தே வெப்பமும் ஒளியும் பிறக்கின்றன. இதனை அணு இணைவு என்கிறோம். பூமியில் இதைச் செய்ய, நீரிலிருந்து கிடைக்கும் டியூட்டிரியத்தையும், டிரிட்டியம் என்னும் மற்றொரு வாயுவையும் 10 கோடி பாகைக்கு மேல் சூடாக்க வேண்டும். அப்போது வாயு பிளாஸ்மா ஆகிவிடும். எந்தப் பாத்திரமும் அதைத் தாங்காது. ஆகவே காந்த விசையால் அதைச் சுவரில் படாமல் நிறுத்தி வைக்கிறார்கள். வெளியே இருந்து தரும் சூட்டைவிட, இணைவில் பிறக்கும் சூடே மிகுந்து நிற்கும்போது அதற்கு எரியும் பிளாஸ்மா என்று பெயர். காந்தக் கலத்தில் இந்நிலையை இதுவரை எவரும் எட்டவில்லை.

அமெரிக்காவில் 1951-ஆம் ஆண்டில், பிரின்ஸ்டனில், லைமன் ஸ்பிட்சர் என்ற விஞ்ஞானி இவ்வாய்வை இரகசியமாகத் தொடங்கினார். 1958-இல் ஜெனீவா மாநாட்டில் இரகசியம் விலகியது. 1968-இல் சோவியத் நாட்டின் தோகாமாக் என்னும் வளைய வடிவக் கருவி மற்றவற்றை முந்திவிட்டது.

1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. அமெரிக்க அரசும் பணத்தை அள்ளிக் கொடுக்க முன்வந்தது. 1980-ஆம் ஆண்டு அக்டோபரில் அதிபர் கார்ட்டர் ஒரு சட்டத்தில் கையொப்பமிட்டார். இந்நூற்றாண்டு பிறப்பதற்குள் மாதிரி மின்நிலையம் இயங்க வேண்டும் என்றது அச்சட்டம். 20 ஆண்டுகளில் சுமார் 2,000 கோடி டாலர் செலவாகும் என மதிப்பிட்டார்கள். ஆனால் அந்தப் பணம் ஒதுக்கப்படவே இல்லை. எண்ணெய் விலை இறங்கியது, அக்கறையும் இறங்கியது.

அதன் விளைவைக் கேளுங்கள். கலிபோர்னியாவின் லிவர்மோரில் 37 கோடி டாலருக்கு மேல் செலவிட்டு ஒரு பெரிய காந்தக் கருவியைக் கட்டினார்கள். 1986-இல் வேலை முடிந்தது. அதே ஆண்டில், ஒரு சோதனைகூட நடத்தாமல், பணமில்லை என்று மூடிவிட்டார்கள். அதற்காக உழைத்தவர்களின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

1985-இல் ரீகனும் கோர்பச்சேவும் சந்தித்துப் பேசியதிலிருந்து ஈட்டர் என்னும் கூட்டுத் திட்டம் உருவாயிற்று. அமெரிக்கா 1999-இல் அதிலிருந்து விலகியது; 2003-இல் திரும்பி வந்தது. 2006-இல் இந்தியா உள்ளிட்ட ஏழு தரப்பினர் உடன்படிக்கை செய்து, பிரான்சில் கட்டி வருகிறார்கள். ஈட்டரில் தொடர்ந்து இருக்க வேண்டும், உள்நாட்டிலும் சிறிய முன்னோடி மின்நிலையத்துக்கு ஆயத்தம் செய்ய வேண்டும் என்று அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் குழு 2018-இல் பரிந்துரை செய்தது.

விஞ்ஞானிகள் பக்கமும் குறை உண்டு. சொன்ன தேதிகள் பலமுறை தவறின. ஈட்டரின் ஆய்வுப் பணி 2034-இல்தான் தொடங்கும் என்று 2024-இல் அறிவித்தார்கள். ஆயினும் பலன் இல்லாமல் இல்லை. 2022 டிசம்பரில் அதே லிவர்மோரில், வேறொரு முறையில், 2.05 மெகாஜூல் லேசர் ஒளியைச் செலுத்தி 3.15 மெகாஜூல் பெற்றார்கள். லேசர்களை இயக்க வாங்கிய மின்சாரமோ சுமார் 300 மெகாஜூல்! வழி இன்னும் நீண்டது.

பால் மரத்தை நட்டவுடன் யாரும் மங்கு கட்டுவதில்லை. ஆறேழு ஆண்டுகள் களை பிடுங்கி, உரம் போட்டுக் காத்திருக்கிறோம். ரப்பர் விலை விழுந்த ஆண்டில் கன்றுகளைக் கவனியாமல் விட்டால், விலை ஏறும்போது வெட்டுவதற்கு மரம் இராது. ஆய்வும் அப்படியே. சட்டம் போட்டால் மட்டும் போதாது. ஆண்டுதோறும் படி அளக்க வேண்டும்.