இழந்த தேயிலைச் சந்தையை மீட்க வழி என்ன?

உலகச் சந்தையில் இலங்கைத் தேயிலை வகித்து வந்த இடம் சுருங்கிச் செல்வது குறித்துப் பாராளுமன்றத்திலும் வர்த்தக வட்டாரங்களிலும் அவ்வப்போது கவலை வெளியிடப்படுவதுண்டு. விலை வீழ்ச்சியடைந்தால் கூடி ஆராய்வதும், விலை உயர்ந்தால் அனைத்தையும் மறந்துவிடுவதும் நமக்கு வழக்கமாகிவிட்டன. ஆனால், இழந்த சந்தையை மீட்பது என்று நாம் கூறும்போது உண்மையில் எதனை மீட்க விரும்புகின்றோம், எவ்வழியில் மீட்கப் போகின்றோம், அதன் பயன் யாரைச் சென்றடையும் ஆகிய கேள்விகளுக்குத் தெளிவான பதில் இன்னும் முன்வைக்கப்படவில்லை. அவற்றைச் சற்று விரிவாக நோக்குவது காலத்தின் தேவையென நாம் கருதுகின்றோம்.

மலையக ரயில் பாதையில் தலவாக்கலைக்கும் கிரேட் வெஸ்டர்னுக்கும் இடையில் அமைந்திருக்கும் வட்டகொடை, திம்புள்ள தேயிலை வலயத்தைச் சேர்ந்தது. ஜனவரி முதல் மார்ச் வரை வீசும் வரண்ட குளிர்காற்றில் இவ்வலயத்தின் கொழுந்து பெறும் மணமும் சுவையும் உலகில் வேறெங்கும் எளிதிற் கிட்டாதவை. 1925 ஆம் ஆண்டு தோற்றுவிக்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையமும் அருகிலேயே, தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் இயங்குகின்றது. மண், காலநிலை, ஆராய்ச்சி, ரயில் வசதி, தலைமுறைகளாகக் கைவந்த தொழிற்றிறன் ஆகிய யாவும் ஒருங்கே அமைந்த இடம் இது. இத்தனையும் இருந்தும் சந்தை கைநழுவிப் போனது ஏன் என்பதே நம் முன்னுள்ள வினாவாகும்.

கோப்பிச் செய்கை இலைநோயினால் அழிந்துகொண்டிருந்த காலத்தில் தேயிலை இந்நாட்டிற்குக் கைகொடுத்தது. 1867 இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் ஆரம்பித்த பயிர்ச்செய்கை விரைவாகப் பரவியது. 1883 இல் கொழும்புத் தேயிலை ஏலம் தொடங்கியது. 1965 இல் இலங்கை உலகின் முதன்மைத் தேயிலை ஏற்றுமதி நாடு என்ற நிலையை முதற்தடவையாக எய்தியது. 1990களின் நடுப்பகுதியிலும் உலக ஏற்றுமதியில் ஐந்தில் ஒரு பங்கிற்கு மேற்பட்டது நம்முடையதாகவே இருந்தது. இன்று அது ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகக் குறைந்துள்ளது.

புள்ளிவிபரங்கள் கூறும் செய்தி எளிதானது. 2013 இல் 340 மில்லியன் கிலோகிராமாக உச்சத்தை எட்டிய நமது உற்பத்தி, 2022 இல் ஏறத்தாழ 251 மில்லியனாக வீழ்ந்தது. 2024 இல் அது 262 மில்லியன் அளவுக்கு மட்டுமே மீண்டது. அதே ஆண்டில் ஏற்றுமதி அளவில் இந்தியாவும் நம்மை முந்திச் சென்றது. கென்யாவோ வருடமொன்றுக்கு 500 மில்லியன் கிலோவுக்கு மேல் உற்பத்தி செய்கின்றது. அறுபது ஆண்டுகளுக்கு முன்னர் நாம் உற்பத்தி செய்த அளவிலிருந்து வெகுதூரம் செல்லாமல் நாம் நின்றுவிட, உலக உற்பத்தி அக்காலத்தைப்போல் ஐந்து மடங்கிற்கு மேல் பெருகிவிட்டது.

இதற்கான காரணங்களுள் முதலாவது, தேநீர் அருந்தும் முறை மாறியதாகும். ஒரு காலத்தில் நமது பிரதான சந்தையாக இருந்த பிரித்தானியாவில், தேயிலைப் பைகள் உதிரித் தேயிலையின் இடத்தைப் பிடித்தன. பையிலிட்ட தேயிலை விரைவாகச் சாயம் இறங்க வேண்டும், மலிவாகவும் இருக்க வேண்டும். அதற்கேற்ற சி.ரி.சி. முறையில் சிறுமணிகளாகத் தயாரிக்கப்படும் தேயிலையைக் கென்யா பெருமளவில் வழங்கியது. நாமோ இலையைச் சுருட்டித் தயாரிக்கும் மரபு முறையிலேயே பெரும்பாலும் நிலைத்து நின்றோம். இதனால் பிரித்தானியச் சந்தையை இழந்தோம் என்பது உண்மையே. எனினும் உதிரித் தேயிலையை விரும்பும் மத்திய கிழக்கு நாடுகளும் ரஷ்யாவும் நமக்குக் கைகொடுத்தன.

ஆனால் அச்சந்தைகள் போருக்கும் பொருளாதாரத் தடைகளுக்கும் அடிக்கடி உள்ளாகுபவை. ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்குரிய 251 மில்லியன் டொலர் கடனைத் தேயிலையால் தீர்ப்பதற்கு 2021 டிசம்பரில் உடன்பாடு காண நேர்ந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2017 டிசம்பரில் தேயிலைப் பொதியொன்றில் வண்டொன்று காணப்பட்டதைக் காரணம் காட்டி ரஷ்யா தற்காலிகத் தடை விதித்தபோது, நாடே பதறியது. சில சந்தைகளை மாத்திரம் நம்பியிருப்பவரின் நிலை எப்போதும் இத்தகையதே.

நாமே வரவழைத்துக்கொண்ட இடர்களும் உள. 2015 இல் களைநாசினியான கிளைபோசேற் போதிய மாற்று ஏற்பாடின்றித் தடை செய்யப்பட்டது. தோட்டங்களில் வேறு களைநாசினிகள் பயன்படுத்தப்பட, அவற்றின் எச்சம் தேயிலையில் காணப்படுவதாக ஜப்பான் ஆட்சேபித்தது. 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் அத்தடை தளர்த்தப்பட்டது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி ஒரே நாளில் நிறுத்தப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் அக்கொள்கை கைவிடப்பட்டது. அதற்குள் செடிகள் வாடிவிட்டன. 2022 இன் உற்பத்தி வீழ்ச்சிக்கு அதுவே முதன்மைக் காரணமாகும்.

இழந்த சந்தையை மீட்டவர்கள் எவ்வாறு மீட்டார்கள் என்பதை வேறொரு துறையிலிருந்தும் கற்றுக்கொள்ளலாம். வீட்டுத் தொலைக்காட்சியுடன் இணைத்து விளையாடும் வீடியோ விளையாட்டு இயந்திரங்களைத் தயாரிக்கும் ஜப்பானிய நிறுவனமான நின்டென்டோ, 2000களின் தொடக்கத்தில் சோனி நிறுவனத்திடம் படுதோல்வி கண்டது. சோனியின் பிளேஸ்டேசன் 2 உலகெங்கும் 150 மில்லியனுக்கு மேல் விற்பனையாக, நின்டென்டோவின் கேம்கியூப் 22 மில்லியனையும் எட்டவில்லை. அந்நிறுவனம் அடுத்து, போட்டியாளரிலும் வலிமை மிக்க இயந்திரத்தைச் செய்ய முனையவில்லை. கையை அசைத்து முழுக் குடும்பமும் விளையாடக்கூடிய வீ என்ற எளிய இயந்திரத்தை 2006 இல் வெளியிட்டது. அது 100 மில்லியனைத் தாண்டியது. அதன் பின் வந்த வீ யூ, தான் என்ன பொருள் என்பதையே வாங்குபவருக்கு உணர்த்தத் தவறி, 14 மில்லியனுக்குள் முடங்கியது. வீட்டிலும் வெளியிலும் விளையாடத்தக்க ஸ்விட்ச் 2017 இல் வந்து அந்நிறுவனத்தை மீண்டும் உயர்த்தியது. மாறாக, அதே துறையிலிருந்த சேகா நிறுவனம் 2001 இல் இயந்திர உற்பத்தியையே கைவிட்டது.

விளையாட்டு இயந்திரத்திற்கும் தேயிலைக்கும் என்ன தொடர்பு எனச் சிலர் வினவலாம். சந்தையின் நியதி இரண்டுக்கும் பொதுவானது. போட்டியாளர் வலிமையாக உள்ள களத்தில் அவரோடு மோதுவது வீண். நமக்கே உரிய சிறப்பை வாங்குபவர் தெளிவாக அறியும்படி செய்வதே வழி. கென்யாவைப் போல மலிவாகவும் பெருமளவிலும் உற்பத்தி செய்ய நம்மால் இயலாது. அங்கு ஒரு ஹெக்டயரில் கிடைக்கும் விளைச்சல் நம்முடையதிலும் மிக அதிகம். நமது உற்பத்திச் செலவோ தேயிலை நாடுகளிடையே மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. ஆனால் கொழும்பு ஏலத்தில் நமது தேயிலை பெறும் சராசரி விலை, மொம்பாசா ஏலத்தின் விலையை விட வெகுவாக உயர்ந்தது. ஆகவே நாம் மீட்க வேண்டியது கிலோகிராம் கணக்கிலான பங்கையன்று, பெறுமதியிலான பங்கையே ஆகும்.

அப்பெறுமதி எங்கே உருவாகின்றது? ஒரு தேயிலைச் செடியேனும் இல்லாத டுபாய், 2005 இல் தேயிலை வர்த்தக நிலையமொன்றை அமைத்து, பல நாட்டுத் தேயிலைகளைக் கலந்து பொதி செய்து மறு ஏற்றுமதி செய்யும் கேந்திரமாக வளர்ந்துவிட்டது. நமது ஏற்றுமதியிலோ கணிசமான பகுதி இன்னும் மொத்தப் பொதிகளாகவே கப்பலேறி, பிறருடைய பெயரில் விற்பனையாகின்றது. இதற்கு மாற்று வழி உண்டென்பதை 1980களில் டில்மா என்ற பெயரைக் கொண்டு அவுஸ்திரேலியச் சந்தையில் நுழைந்த மெரில் ஜே. பெர்னாண்டோ நிரூபித்தார். விளையும் நாட்டிலேயே பொதி செய்து சொந்தப் பெயரில் விற்பது அவரது கொள்கையாக இருந்தது. 2023 இல் அவர் மறைந்தபோது அப்பெயர் உலகின் பல நாடுகளிலும் அறியப்பட்டிருந்தது.

பெயரைக் காக்கும் பொறுப்பு அரசுக்கும் உண்டு. தேயிலைச் சபையின் சிங்கச் சின்னம், முழுமையாக இலங்கையில் விளைந்து இங்கேயே பொதி செய்யப்பட்ட தேயிலைக்கு மட்டுமே வழங்கப்படுவது. இலங்கைக் கறுவாவுக்கு 2022 இல் ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் குறியீட்டை வழங்கியது. டார்ஜிலிங் தேயிலை அதற்கு முன்னரே அத்தகைய பாதுகாப்பைப் பெற்றுவிட்டது. இலங்கைத் தேயிலை என்ற பொதுப் பெயருக்கு மட்டுமன்றி, திம்புள்ள, நுவரெலியா, ஊவா முதலிய வலயப் பெயர்களுக்கும் பிரதான சந்தைகள் அனைத்திலும் உறுதியான சட்டப் பாதுகாப்பு வேண்டும். 2010 முதல் ஏற்றுமதியாகும் ஒவ்வொரு கிலோவுக்கும் 3 ரூபா 50 சதம் பிரசாரத்திற்கென அறவிடப்பட்டும், உலகளாவிய பிரசாரம் பல வருடங்கள் தாமதமானமை வருந்தத்தக்கது. அறவிட்ட பணம் அதற்குரிய பணிக்கே உரிய காலத்தில் செலவிடப்பட வேண்டும்.

எனினும், பெயர் எவ்வளவு சிறந்ததாயினும் அதனைத் தாங்குவது கொழுந்தேயாகும். பெருந்தோட்டங்களில் நூறாண்டு கடந்த விதைச் செடிகள் இன்னும் பரந்து கிடக்கின்றன. தேயிலை ஆராய்ச்சி நிலையம் விளைச்சல் மிக்க இனங்களை உருவாக்கித் தந்தும், மீள்நடுகை பரிந்துரைக்கப்பட்ட வேகத்தில் நடைபெறவில்லை. 1992 இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டதிலிருந்து, நீண்டகால முதலீட்டிலும் பார்க்க உடனடி வருமானமே முக்கியத்துவம் பெற்றதென்ற குற்றச்சாட்டு நிலவுகின்றது. குத்தகைக் காலம் குறையும்போது மீள்நடுகையில் முதலிட யாரும் விரும்பார் என்பது கம்பனிகளின் பதில். குத்தகை நீடிப்பை மீள்நடுகையுடன் பிணைப்பதே இதற்குப் பொருத்தமான தீர்வாகும்.

இனி, இக்கொழுந்தைப் பறிக்கும் கரங்களைப் பற்றி நோக்குவோம். மரபு முறைத் தேயிலையின் தரம், இரண்டு இலையும் ஓர் அரும்பும் எனத் தேர்ந்து பறிப்பதிலேயே தங்கியுள்ளது. நாளொன்றுக்கு இருபது கிலோ பச்சைக் கொழுந்து பறிக்கும் பெண்ணின் உழைப்பிலிருந்து நான்கு கிலோவுக்குச் சற்று அதிகமான தேயிலை கிடைக்கின்றது. 2024 இல் கொழும்பு ஏலத்தின் சராசரி விலை கிலோவுக்கு 1,200 ரூபாவைத் தாண்டியிருந்தது. அதன்படி அவரது ஒரு நாள் கொழுந்தின் ஏலப் பெறுமதி ஏறத்தாழ 5,000 ரூபா. அதே ஆண்டின் பிற்பகுதியில் நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளமோ 1,350 ரூபா. 2026 வரவு செலவுத் திட்டத்தில் அதனை 1,750 ரூபாவாக உயர்த்தும் முன்மொழிவு இடம்பெற்றது. உரம், எரிபொருள், தொழிற்சாலை, நிர்வாகம் முதலிய செலவுகள் இருப்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் சம்பளத்தைக் குறைவாக வைத்திருப்பதன் மூலம் சந்தையை மீட்கலாம் என எண்ணுவது தவறு. குறைந்த சம்பளத்தை ஏற்காத இளைஞர்கள் தோட்டங்களை விட்டுக் கொழும்புக்கும் வெளிநாடுகளுக்கும் சென்றுகொண்டிருக்கின்றனர். கொய்ய ஆளின்றி முற்றிய கொழுந்து எந்தச் சந்தையையும் வென்றெடுக்காது.

கென்யாவிடமிருந்து நாம் கற்க வேண்டியது அதன் சி.ரி.சி. முறையையன்று. அங்கு ஆறு இலட்சத்திற்கு மேற்பட்ட சிறு உற்பத்தியாளர்கள், தாம் கொழுந்து வழங்கும் தொழிற்சாலைகளின் பங்குதாரர்களாகவும் உள்ளனர். கொழுந்தின் விலைக்கு மேலதிகமாக, ஆண்டிறுதியில் விற்பனை வருமானத்திற்கேற்ற கொடுப்பனவும் அவர்களுக்குக் கிடைக்கின்றது. அம்முறையில் குறைகள் இல்லாமலில்லை. ஆனால் நல்ல கொழுந்தைப் பறிப்பதில் தமக்கே நன்மை என்பதை அவர்கள் அறிவார்கள். நமது நாட்டிலும் மொத்த உற்பத்தியில் எழுபது வீதத்திற்கு மேற்பட்டது சிறு தேயிலைத் தோட்ட உடைமையாளர்களிடமிருந்தே, பெரும்பாலும் தாழ்நிலப் பிரதேசங்களிலிருந்தே வருகின்றது. மலையகத் தொழிலாளரோ இரு நூற்றாண்டுகள் உழைத்தும் காணியுரிமையற்றவராகவே பெரும்பாலும் இருந்து வருகின்றனர். சில கம்பனிகள் தேயிலைக் காணித் துண்டுகளைத் தொழிலாளரிடம் பராமரிப்புக்கு ஒப்படைத்து, வருமானத்தைப் பகிரும் முறையைக் கையாளுகின்றன. இது வரவேற்கத்தக்கதே. ஆனால் காணியுறுதி இன்றி, ஊழியர் சேமலாப நிதியையும் இழந்து, நட்டத்தை மட்டும் தொழிலாளர் சுமக்கும் ஏற்பாடாக அது அமைந்துவிடக் கூடாது.

மேலை நாட்டு நுகர்வோர் இன்று தேயிலையின் தரத்தை மட்டுமன்றி, அதனைப் பறித்தவர் எவ்வாறு வாழ்கின்றார் என்பதையும் கேட்கத் தொடங்கியுள்ளனர். லயன் அறைகளும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது மலையகத்தில் ஏற்பட்ட மண்சரிவுகளும் அவர்களின் கண்களுக்கும் எட்டுபவை. பாதுகாப்பான நிலத்தில் தனி வீடும் காணியுறுதியும் வழங்குவது தொழிலாளருக்குச் செய்யும் சலுகையன்று. இலங்கைத் தேயிலை என்ற பெயருக்குச் செய்யும் முதலீடும் அதுவேயாகும்.

ஆகவே, சந்தையை மீட்பதற்கான திட்டம் நான்கு அம்சங்களைக் கொண்டிருத்தல் வேண்டும். வலயப் பெயர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு, உள்நாட்டிலேயே பொதி செய்து சொந்தப் பெயரில் ஏற்றுமதி, குத்தகையுடன் பிணைந்த மீள்நடுகை, தொழிலாளருக்குக் காணியுரிமையுடன் கூடிய வருமானப் பங்கு ஆகியனவே அவை. முதல் மூன்றைப் பற்றி மாநாடுகள் பல நடைபெற்றுவிட்டன. நான்காவதைப் பேசாமல் ஏனையவை பயன் தரா. அரசும் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் இதனை உணர்ந்து ஒரே மேசையில் அமர வேண்டும் என்பதே நமது வேண்டுகோளாகும்.