சீதன வீட்டிலிருந்து நட்பு நிலையம் வரை: வாவியோரத்தில் அடிபட்ட பெண் தேடிய இடங்கள்

மட்டக்களப்பு வாவியோர முஸ்லிம் ஊர்களில் வீடு பெண்ணுக்கு. காத்தான்குடி தொடக்கம் அக்கரைப்பற்று வரை இதுதான் வழமை. கலியாணத்துக்கு முன்பே வாப்பா வீட்டைக் கட்டி மகளுக்கு எழுதிக் கொடுப்பார். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து சேருவார். அடுத்த மகளின் முறை வரும்போது உம்மாவும் வாப்பாவும் அதே வளவுக்குள் சின்னதாக ஒன்றைப் போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள். அக்கரைப்பற்றில் நெடுங்காலம் கள ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, இங்குள்ள தமிழரும் முஸ்லிம்களும் பகிர்ந்துகொள்ளும் தாய்வழிக் குடிமுறையோடு சேர்த்தே இதை விளக்குகிறார். 2008ல் வெளிவந்த அவரது பெருநூல் இத்துறையில் தவிர்க்க முடியாதது.

இந்த வழமையை முன்வைத்து ஊரில் ஒரு பேச்சு உண்டு: “எங்கட பொண்டுகளுக்கு ஊடு வளவு இருக்கு, புருசன்ட அடி உதையெல்லாம் இங்க நடக்காது.” இதில் பாதி உண்மை. வேறு ஊர்களில் அடிபட்டவள்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டும். இங்கே வெளியேற வேண்டியவன் கணவன். ராத்தா பக்கத்து வீட்டில், உம்மா பின் வளவில். சத்தம் கேட்டால் ஓடிவர நாலு பேர் இருந்தார்கள். பெரிதாகிப் போனால் பள்ளிவாயலில் குடி மரைக்காயர்மார் இரு பக்கத்தாரையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். சூரா நிஸாவின் 35ஆம் வசனம் காட்டும் ஏற்பாட்டுக்கு, அவன் குடும்பத்தில் ஒருவர், அவள் குடும்பத்தில் ஒருவர் என்ற நடுவர் முறைக்கு, இது தூரமானதல்ல.

மற்றப் பாதியைத்தான் நாம் எழுதுவதில்லை. வீடு அவளுக்குப் பாதுகாப்பு. அதே வீடுதான் அந்தக் கலியாணத்தின் விலையும். மாப்பிள்ளையை அனுப்பிவிட்டால் வாப்பாவின் இருபது வருட உழைப்புக்கு என்ன பதில்? கீழே இருக்கும் தங்கச்சிமாரைக் கேட்டு யார் வருவார்? ஆகவே ஓடிவந்த உம்மாவே “பொறுத்துக்க புள்ள, வெளிய சொன்னா வெக்கம்” என்று கதவைச் சாத்தினார். மரைக்காயர் விசாரணையிலும் பேசுகிறவர்கள் ஆண்கள், நோக்கம் சேர்த்துவைப்பது. அவளுக்கு என்ன நடந்தது என்று தனியாக இருத்திக் கேட்கும் வழக்கம் அங்கே இருக்கவில்லை.

சேர்த்துவைப்பது மட்டுமே மார்க்கம் என்று நினைப்பவர்கள் அபூதாவூதில் வரும் ஹபீபா பின்த் ஸஹ்ல் (ரலி) அவர்களின் சம்பவத்தைப் பார்க்க வேண்டும். கணவர் தாபித் இப்னு கைஸ் அடித்து அவருடைய உறுப்பொன்றை உடைத்துவிட்டார். சுப்ஹுக்குப் பிறகு அவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டார். பொறுத்துக்கொள் என்று அவர் திருப்பி அனுப்பப்படவில்லை. தாபித் வரவழைக்கப்பட்டார். மஹராகக் கொடுத்து, ஹபீபாவின் கைவசம் இருந்த இரண்டு தோட்டங்களையும் பெற்றுக்கொண்டு பிரிந்துவிடும்படி அவருக்குச் சொல்லப்பட்டது.

அரச சட்டம் வந்தபோது மரைக்காயரின் இடத்துக்குக் காதி வந்தார். 1929ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும், அதன் இடத்தைப் பிடித்த 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டமும் இதைச் செய்தன. கொடுமையைக் காட்டி பஸ்ஹு கேட்கும் உரிமை பெண்ணுக்குச் சட்டத்தில் எழுதப்பட்டது; அது சிறிய விஷயமல்ல. ஆனால் காதி ஆணாக இருக்க வேண்டும், சட்டத்தரணி ஆஜராக முடியாது. தலாக் சொல்பவன் காரணம் நிரூபிக்கத் தேவையில்லை. பஸ்ஹு கேட்பவளோ சாட்சியோடு வர வேண்டும். அறைக்குள் விழுந்த அடிக்கு யாரைச் சாட்சியாகக் கூட்டிவருவது? இச்சட்டத்தைத் திருத்துவதற்கென நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் 2009ல் அமைந்த குழு, அறிக்கையைக் கையளித்தது 2018 ஜனவரியில்தான்.

தனியாக இருத்திக் கேட்கும் மேசை வேறொரு திசையிலிருந்து வந்தது. 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாயல்களிலும் ஏறாவூரிலும் நடந்த படுகொலைகள், தமிழ்க் கிராமங்களில் நடந்த கொலைகளும் காணாமற்போதல்களும், எல்லாப் பக்கத்திலும் விதவைகளை விட்டுச் சென்றன. இடம்பெயர்ந்த பெண்களுக்காக 1991ல் கொழும்பில் தொடங்கிய சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் 1993ல் மட்டக்களப்புக்கு வந்தது. போரின் காயத்தைக் கேட்க வந்தவர்கள் வீட்டின் காயத்தையும் கேட்க நேர்ந்தது. தமிழ்ப் பெண்ணும் முஸ்லிம் பெண்ணும் ஒரே அறையில் இருந்து பேசுவது அந்த வருடங்களில் எவ்வளவு கடினம் என்பதை இங்கே வாழ்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் முஸ்லிம்களுக்கும் பொருந்தும். நீதவான் 12 மாதத்துக்கு மேற்படாத பாதுகாப்புக் கட்டளை வழங்கலாம். உளவளத்துணைக்குப் போகும்படியும் கட்டளையிடலாம். ஆஸ்பத்திரிகளில் சிங்களத்தில் ‘மிதுரு பியச’ என்றும் தமிழில் ‘நட்பு நிலையம்’ என்றும் அறைகள் திறக்கப்பட்டன. பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். 1938 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் பேசலாம். இவர்கள் செய்வது சமரசமல்ல. சேர், பிரி என்று சொல்லாமல், அவள் சொல்வதைக் கேட்பார்கள். இரவில் ஆபத்து வந்தால் எங்கே போவாய், அடையாள அட்டையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் எங்கே இருக்கிறது என்று விசாரிப்பார்கள். தேவைப்பட்டால் சட்ட வைத்திய அதிகாரியிடமோ பொலிசிடமோ வழிகாட்டுவார்கள். முடிவு அவளுடையது. 2019ஆம் ஆண்டின் தேசிய ஆய்வுப்படி, இலங்கையில் துணைவரோடு வாழ்ந்த பெண்களில் 20.4 வீதமானோர் அவரால் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்கள். ஐந்தில் ஒருத்தி. நம் வளவுகள் இதற்கு விதிவிலக்கு என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

இந்த மேசைகள் வந்துகொண்டிருந்த அதே காலத்தில்தான் வீடு கைமாறியது. 2004 டிசம்பர் 26 சுனாமி சாய்ந்தமருது, மருதமுனை, கல்முனைக்குடிக் கரையோர வளவுகளை அழித்தது. அவற்றுள் எத்தனையோ உம்மாவிடமிருந்து மகளுக்கு வந்தவை. கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டத் தடை என்றார்கள். மாற்றுக் காணியும் புதிய வீடும் ‘குடும்பத் தலைவர்’ பேரில் எழுதப்பட்டன. படிவத்தில் குடும்பத் தலைவர் என்றால் கணவன். பெண்கள் அமைப்புகள் அப்போதே இதை எதிர்த்தன. நம் பள்ளிவாயல் நிர்வாகங்கள் பெரிதாகக் குரல் கொடுத்ததாக என் நினைவில் இல்லை. சீதனத்தை மார்க்க ரீதியாகக் கண்டித்த சிலர் இதை ஒரு சீர்திருத்தமாகவே கண்டார்கள். சீதனக் கொடுமையைக் கண்டிப்பது சரி. ஆனால் வீட்டின் உரிமை மாறியதும் அடிபட்டவள் வெளியேறுகிறவளாகிவிட்டாள். வளவு கலைந்து ராத்தா ஒரு திட்டத்திலும் தங்கச்சி இன்னொரு திட்டத்திலும் குடியேறியபின் சத்தம் கேட்டு ஓடிவரவும் ஆளில்லை.

பாதுகாப்புக் கட்டளை பகிர்ந்து வாழும் வீட்டுக்குள் கணவன் நுழைவதைத் தடுக்கலாம். அந்தக் கட்டளைக்குக் காலக்கெடு உண்டு, உறுதிக்கு இல்லை. நட்பு நிலையத்தில் ஒரு மணித்தியாலம் மனம் ஆறிப் பேசியவள் அஸருக்குப் பிறகு எந்த வாசலில் போய் நிற்பாள் என்பது உறுதியில் யார் பேர் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வாரிசுரிமையில் மூத்த ஆணுக்குக் கொடுத்திருந்த முன்னுரிமை 2022ல் நீக்கப்பட்டது. அது அரச அனுமதிக் காணிகளின் வாரிசுரிமை பற்றியது. சுனாமி வீட்டுத் திட்டங்களில் கணவன் பேரில் எழுதப்பட்டவை அப்படியேதான் இருக்கின்றன.