குடுமி முதல் மயிர்நடுகை வரை

திருக்குறளின் மானம் என்னும் அதிகாரத்தில், தம் நிலையினின்று தாழ்ந்த மாந்தர்க்குத் தலையினின்று வீழ்ந்த மயிர் உவமையாகக் கூறப்படுகின்றது. அவ்வுவமையில் இழிவு வீழ்ந்த மயிருக்கே உரியது. மயிரை இழந்த தலைக்கு வள்ளுவர் எக்குறையும் கூறினாரல்லர். சான்றோர் பிசிராந்தையாரை வினவியதும் நரையைப் பற்றியேயன்றி வழுக்கையைப் பற்றியன்று. இவ்வாறிருக்க, இருபது வயதைக் கடந்த இளைஞன் ஒருவன் தன் நெற்றி மேலேறுவதைக் கண்ணாடியிற் கண்டு உறக்கமிழப்பதும், பெற்றோரின் சேமிப்பைக் கொண்டு மயிர்நடுகை செய்துகொள்ளலாமா என எண்ணுவதும் எப்பொழுது தொடங்கின? இவ்வினா இக்கட்டுரையாளனுக்கு ஏட்டளவில் எழுந்த வினா அன்று.

திருகோணமலை உட்துறைமுகத்தை அண்டிய எமது வீட்டின் சுவரிலே மூன்று தலைமுறையினரின் நிழற்படங்கள் தொங்குகின்றன. தந்தையார் முப்பது வயதிலேயே முன்தலை மயிரை இழந்தவர் என்பது அவரது மணப் படத்திற் புலனாகின்றது. பாட்டனாரின் படத்திலும் அவ்வாறே. பூட்டனாரோ முன்தலையை மழித்துப் பின்னே குடுமி முடிந்து அமர்ந்திருக்கின்றார். அவருக்கு வழுக்கை இருந்ததா என்று எவராலும் கூற இயலாது. நாவிதரின் கத்தி மழித்த பரப்பு எது, இயற்கை உதிர்த்த பரப்பு எது என்பதை அப்படம் காட்டவில்லை.

இச்சிறு செய்தி சமூக வரலாறு ஒன்றை உள்ளடக்கியது என்பது எமது துணிபு. முன்தலையை மழித்துக் குடுமி வைத்தோரிடையே நெற்றிக்கோடு என்பது கத்தி வரைந்த கோடு. அது மேலேறினும் ஊரார் அறியார். தலைமயிர் முழுவதையும் வளர்த்துக் கொண்டை முடிந்தோரும் ஈழத்தமிழரிடையே இருந்தனர். அவர்களது நிலை வேறு. ஆயினும் இருசாராரின் தலைகளையும் மாற்றியது ‘கிராப்பு’ எனப்பட்ட குறுமயிர் வெட்டு. பாரதியார் காசியிலே குடுமியைக் களைந்து கிராப்பு வைத்துக்கொண்டமை அக்காலத்து இளைஞரின் மனமாற்றத்துக்கு நன்கறியப்பட்ட சான்று. 1795ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் கைப்பற்றி, 1957ஆம் ஆண்டுவரை அவர்தம் கடற்படைத் தளமாக விளங்கிய எமது துறைமுகப் பட்டினத்தில், மிசன் பள்ளியும் அரசாங்க அலுவலகமும் கப்பற் பட்டறையும் இப்புதிய தலைக்கோலத்தை ஊரினுள்ளே கொணர்ந்தன. நெற்றியின் மேல் மயிர் நிற்பதே இளமையின் அடையாளம் என்னும் எண்ணம் கிராப்போடு வந்து சேர்ந்த ஒன்றெனலாம். குடுமிக்கு மீள வேண்டும் என்று யாம் கூற வரவில்லை. அக்குடுமியிலே சாதிப் படிநிலையும் முடிந்து வைக்கப்பட்டிருந்தது.

மயிர் உதிர்வதற்கு எம்மூரார் கூறும் காரணங்கள் பல. உவர்ப்பான கிணற்று நீர், கடற்காற்று, மோட்டார்ச் சைக்கிளின் தலைக்கவசம் ஆகியவை அவற்றுள் தலையாயன. உவர்நீர் மயிரை வறளச் செய்யலாம். ஆனால் நெற்றியின் இருமருங்கும் உச்சியும் மட்டும் வெறுமையாகிப் பின்தலை அடர்ந்தே நிற்கும் அந்த ஒழுங்கை நீரோ காற்றோ தோற்றுவிக்க இயலாது. ஆண்மையிழந்தோர்க்கு வழுக்கை விழுவதில்லை என்பதை அரிஸ்டோட்டில் காலத்துக் கிரேக்கரே கவனித்திருந்தனர். அமெரிக்க உடற்கூற்றியலாளர் ஜேம்ஸ் ஹமில்ற்றன் 1942ஆம் ஆண்டில் இதனை ஆய்வுமுறையால் நிறுவினார். பருவமடையுமுன் விதையிழந்தோர்க்கு வழுக்கை ஏற்படவில்லை. அவர்களுள் குடும்பவழி வழுக்கை உடையோர்க்கு ஆண் ஓமோனைச் செலுத்தியபோது மயிர் உதிரத் தொடங்கியது. பரம்பரை, ஓமோன், வயது ஆகிய மூன்றும் கூடிய வழியே வழுக்கை தோன்றுகின்றது என்பது அதனால் தெளிவாயிற்று. தாய்வழிப் பாட்டனைப் பார் என்னும் முதியோர் கூற்றிலும் பாதி உண்மை உண்டு. இதில் முதன்மை பெறும் மரபணு ஒன்று தாயிடமிருந்தே மகனை அடைகின்றது. எனினும் தந்தைவழியும் விலக்கத்தக்கதன்று.

அதே 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தின் மீதும் சீனன்குடா விமானத்தளத்தின் மீதும் குண்டு பொழிந்தன. மயிர்நடுகையின் வரலாற்றை ஆராயப் புகுந்த யாம் அப்போரை இங்கும் எதிர்கொண்டோம். அதற்கு மூன்றாண்டுகட்கு முன்னர், 1939இல், ஒக்குடா என்னும் யப்பானியத் தோல் மருத்துவர், மயிரோடு கூடிய தோலை வட்டமான சிறு கருவியால் அகழ்ந்தெடுத்து, தழும்பால் மயிரிழந்த தலையிலும் புருவத்திலும் பதித்து வளர்த்த முறையைத் தம் நாட்டு மருத்துவ ஏட்டில் வெளியிட்டிருந்தார். போர் மூண்டமையால் அக்கட்டுரை மேலைநாட்டார் கண்ணிற் படாதே கிடந்தது. பின்னர் வந்தோர் அதனை அறியாமலே மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

அவ்வாறு தொடங்கியவர் நியூயோர்க் நகரின் நோர்மன் ஒறென்றைச். 1952ஆம் ஆண்டில் வழுக்கைத் தலையில் முதன்முதலாக நடுகை செய்த அவர், 1959இல் தம் முடிபை வெளியிட்டார். பின்தலைத் தோலை முன்தலைக்கும், வழுக்கைத் தோலை மயிருள்ள இடத்துக்கும் அவர் மாற்றிப் பார்த்தார். பின்தலை மயிர் புதிய இடத்திலும் தன் பழைய இயல்புடனேயே வளர்ந்தது. வழுக்கைத் தோல் அடர்ந்த மயிரினிடையே வைக்கப்பட்டும் வழுக்கையாகவே நின்றது. நடப்பட்டது தான் வந்த இடத்தின் குணத்தை விடாது என்னும் இவ்வுண்மையின் மீதே மயிர்நடுகைக் கலை முழுவதும் நிற்கின்றது.

ஆயினும் அவர்காலக் கருவி பெரிது. ஏறக்குறைய 4 மில்லிமீற்றர் விட்டமுடைய தோல்வட்டங்களிலே பல மயிர்கள் ஒருங்கே முளைத்துப் பொம்மைத் தலைபோற் கொத்துக் கொத்தாக நின்றன. இதனினும் பெருந்தவறு வேறொன்று. நடப்பட்ட மயிர் நிலைத்தது. அதன் பின்னே இயற்கையாக இருந்த மயிரோ தொடர்ந்து உதிர்ந்தது. இருபது வயதில் தாழ்ந்த நெற்றிக்கோடு வேண்டிப் பெற்றோர், நாற்பது வயதில் முன்னே ஒரு வரிசைக் கொத்துகளும் அதன்பின் வெறுந்தரையுமாகக் காட்சியளிக்க நேர்ந்தது. பிற்கால அறுவையாளர் பலர் அக்கொத்துகளை அகழ்ந்து திருத்துவதிலேயே பெரும்பொழுது செலவிட்டனர்.

பின்வந்த வளர்ச்சிகளை விரிக்க வேண்டியதில்லை. மயிர் ஒன்று முதல் நான்கு வரையான இழைகள் கொண்ட கூறுகளாகவே இயற்கையில் முளைக்கின்றது என்பது 1984இல் விளக்கப்பட்டது. பின்தலையிலிருந்து தோற்பட்டை ஒன்றை வெட்டி, நுண்ணோக்கியின் கீழ் கூறு கூறாகப் பிரித்து நடும் முறை 1980களின் இறுதியில் வந்தது. பட்டையின்றி ஒவ்வொரு கூறாகத் தோண்டியெடுக்கும் முறை 2002இல் வெளியிடப்பட்டது. பொம்மைத் தலை மறைந்தது. ஆனால் மேற்கூறிய பெருந்தவறு கருவியின் தவறன்று, காலக்கணக்கின் தவறு. அது இன்றும் மறையவில்லை.

கணக்கைச் சற்று நோக்குவோம். ஒருவரது பின்தலையிலிருந்து வாழ்நாள் முழுவதிலும் எடுக்கத்தக்கவை ஏறக்குறைய 6,000 கூறுகள் என்பர். ஆளுக்கு ஆள் இது கூடும், குறையும். எடுத்த இடத்தில் மீண்டும் முளைப்பதில்லை. சதுர சென்ரிமீற்றருக்கு 35 கூறுகள் வீதம் நட்டால், முன்தலையின் 60 சதுர சென்ரிமீற்றருக்கு 2,100 கூறுகள் செலவாகும். ஹமில்ற்றன் வகுத்து, நோர்வூட் 1975இல் திருத்திய படிநிலைகளுள் இறுதியான ஏழாம் நிலையில் வழுக்கைப் பரப்பு 200 சதுர சென்ரிமீற்றரையும் எட்டும். அதற்கு வேண்டியவை 7,000. களஞ்சியத்தில் உள்ளதோ 6,000. இரண்டாம் நிலையில் நிற்கும் இளைஞன் தான் எந்நிலையில் முடிவான் என்பதை அறியான். அவன் மருத்துவரும் அறியார். 25 வயதுக்கு முன் நடுகை செய்ய அறுவையாளர் பலர் தயங்குவதன் காரணம் இதுவே.

இக்கட்டுரையாளன் தொலைபேசியில் உசாவிய நிலையம் ஒன்றின் முகவர், தலையைக் காணாமலே 3,000 கூறுகள் என விலை கூறினார். ‘தம்பி, கலியாணத்துக்கு முதல் செய்துபோடுங்கோ’ என்றும் அறிவுரைத்தார். தந்தை, பாட்டன் தலைகளைப் பற்றி அவர் ஒரு சொல்லும் வினவவில்லை.

இடர் முதுமைக்கு மட்டும் உரியதன்று. 2016ஆம் ஆண்டு மே மாதத்தில், சென்னையில் மயிர்நடுகைக்கு உட்பட்ட மருத்துவ மாணவர் ஒருவர் உயிரிழந்தார். அந்நிலையம் முடிதிருத்தகத்துக்கான உரிமமே பெற்றிருந்தது எனச் செய்தித்தாள்கள் எழுதின. மருத்துவம் பயின்ற இளைஞரே இடரை உணராது சென்றிருக்க, கலைப்பீட மாணவன் உணர்வது எங்ஙனம்? இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம் 2022ஆம் ஆண்டில், தகுதிபெற்ற மருத்துவரே இதனைச் செய்யவேண்டும் என்றும், காணொளி பார்த்துக் கற்பது பயிற்சியாகாது என்றும் வழிகாட்டல் வெளியிட்டது.

மருந்துகள் இரண்டு உள. குருதியழுத்தத்துக்கு உண்ட மினொக்சிடில் உடலெங்கும் மயிரை வளர்த்தமை கண்டு, 1988இல் அதன் பூச்சுமருந்துக்கு அமெரிக்காவில் ஒப்புதல் அளிக்கப்பட்டது. ஓமோன் மாற்றத்தைத் தடுக்கும் பினாஸ்ரெறைட் 1997இல் ஒப்புதல் பெற்றது. இருப்பதைக் காப்பதே இவற்றின் முதற்பணி. நிறுத்தின் பயனும் நிற்கும். பின்னையது சிலருக்குப் பாலுணர்வுக் குறைவை உண்டாக்குமாதலின் மருத்துவரைக் கலவாது உண்ணத்தக்கதன்று.

எமக்கு இப்போது வயது 22. தோல் மருத்துவர் ஒருவர் பரிந்துரைத்த மருந்து ஓராண்டாக நடைபெறுகின்றது. ஆறு திங்களுக்கு ஒருமுறை, ஒரே சாளரத்தின் ஒளியில், முன்தலையையும் உச்சியையும் படமெடுத்து வைக்கின்றோம். இதுவரை மூன்று படங்கள் சேர்ந்துள்ளன. முதலாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே அம்மா வேறுபாடு காண்கிறார், தந்தையார் காணவில்லை. நடுகை பற்றிய பேச்சை ஆறாவது படம் வரையில் ஒத்திவைப்பதென வீட்டில் முடிவாகியுள்ளது.