குளியலில் தொடங்கிய கேள்வித்தாள்

முதிய புற்றுநோயாளிகளிடம் அன்றாடச் செயல்களைப் பற்றிக் கேட்கும் இந்தத் தாள் புற்றுநோய்க்காகப் பிறந்ததல்ல. அமெரிக்காவின் க்ளீவ்லாந்து நகரில், பெஞ்சமின் ரோஸ் மருத்துவமனையில் இடுப்பெலும்பு முறிந்து கிடந்த முதியவர்களைப் பார்த்துப் பார்த்து, சிட்னி காட்ஸும் அவர் குழுவினரும் 1950களில் உருவாக்கியது. குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போய்வருவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீரையும் மலத்தையும் அடக்குவது, சாப்பிடுவது. ஆறே செயல்கள். தேறிவந்தவர்களிடம் காட்ஸ் ஓர் ஒழுங்கைக் கண்டார். சாப்பிடுவதும் அடக்குவதும் முதலில் திரும்பின. உடுத்துவதும் குளிப்பதும் கடைசியில். குழந்தை கற்றுக்கொள்ளும் வரிசையும் ஏறக்குறைய அதுதான். 1963இல் தாள் அச்சேறியது.

1969இல் பிலடெல்பியாவில் லாட்டனும் ப்ரோடியும் அடுத்த படியை எழுதினார்கள்: டெலிபோன், கடைக்குப் போவது, சமையல், வீட்டுவேலை, துணி துவைப்பது, பயணம், மருந்து, பணம். ஆண்களிடம் சமையலையும் வீட்டுவேலையையும் துவைப்பதையும் கணக்கில் சேர்க்கவில்லை. மனைவியை இழந்த முதியவர் இரவு என்ன சாப்பிடுவார் என்பது அதனால் விடுபட்டுப்போனது. அது சின்னக் குறையல்ல.

அந்தக் காலத்துப் புற்றுநோய் மருத்துவர்களிடம் வேறோர் அளவுகோல் இருந்தது. நியூயார்க்கில் கார்னோஃப்ஸ்கி 1940களின் இறுதியில் வகுத்த, நூற்றுக்கு இத்தனை என்ற மதிப்பெண். பிறகு 0 முதல் 5 வரையிலான இன்னொன்று. நோயாளி உள்ளே நடந்துவருவதைப் பார்த்தும் இரண்டொரு கேள்வி கேட்டும் மருத்துவர் போட்டுவிடுவார். இத்தாலியில் ரெப்பெட்டோ குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், இந்த இரண்டாவது மதிப்பெண் நன்றாக இருந்த முதியவர்களிலேயே மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் லாட்டன் பட்டியலில் ஏதோ ஒன்றில் தடுமாறினார்கள். மதிப்பெண் பொய்யில்லை; வீட்டுக்குள் நடப்பது அதன் கண்ணில் படவில்லை.

லாட்டன் பட்டியலின் மாத்திரைக் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்வோம். சரியான அளவில், சரியான நேரத்தில் நீங்களே சாப்பிடுகிறீர்களா, யாராவது எடுத்துவைக்க வேண்டுமா, முடியவே முடியாதா? குடல் புற்றுநோய்க்குத் தரும் கேப்சிடபினை வழக்கமாகக் காலையும் இரவும், உணவு முடிந்த அரை மணிக்குள், ஒவ்வொரு வேளைக்கும் பல மாத்திரைகளாக 14 நாள் விழுங்கி, 7 நாள் நிறுத்த வேண்டும். பேதி கடுமையானால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்கு போன் செய்ய வேண்டும். எண்ணவும் நினைவு வைக்கவும் போன் போடவும் முடியாதவரிடம் இந்த மருந்தைக் கொடுத்தனுப்புவது ஆபத்து.

இத்தகைய கேள்விகளைப் புற்றுநோய்த் துறைக்குள் விடாப்பிடியாகக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் கலிபோர்னியாவின் ஆர்த்தி ஹுரியா. 65 வயதைக் கடந்த 500 பேரைத் தொடர்ந்த அவருடைய 2011 ஆய்வில், கீமோவால் 53 சதவீதத்தினர் கடுமையான பாதிப்புக்கு ஆளாயினர். யாருக்கு ஆபத்து அதிகம் என்று முன்கூட்டிக் கணிக்க உதவியவற்றில் இவையும் இருந்தன: ஆறு மாதத்துக்குள் விழுந்தாரா, காது கேட்கிறதா, தெருக்கோடி வரை நடப்பாரா, மாத்திரைக்குத் துணை வேண்டுமா. ஹுரியா 2018இல் சாலை விபத்தில் இறந்தார். கீமோ பெறும் 65 வயதுக்கு மேற்பட்டோரிடம் இத்தகைய மதிப்பீடு செய்ய வேண்டும் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் வழிகாட்டுதல் வெளியிட்டதும் அதே ஆண்டில்தான்.

இந்த மதிப்பீட்டின் பயனை 2021இல் லான்செட்டில் வந்த ஆய்வு இன்னும் தெளிவாகச் சொன்னது. மதிப்பீட்டு முடிவு மருத்துவர் கைக்குப் போன இடங்களில் கடுமையான பாதிப்பு 51 சதவீதம். போகாத இடங்களில் 71. முதல் சுற்றில் மருந்தின் அளவைக் குறைத்துத் தொடங்கியும் ஆயுளில் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை. கீழே விழுந்தவர்களும் குறைந்தார்கள்.

ஆனாலும் பல இடங்களில் நேரமில்லை என்று இந்தக் கேள்விகளைக் கேட்பதேயில்லை. அப்படியானால் கூடப் போகும் மகளோ மகனோ தாங்களாகவே சொல்லிவிட வேண்டும்: "டாக்டர், அப்பா போன மாசம் பாத்ரூம்ல விழுந்துட்டாரு. மாத்திரையெல்லாம் நாங்கதான் எடுத்துக் குடுக்குறோம்."