எதை அளப்பது என்று யார் சொல்வது? அடுப்புப் புகை ஆய்வுகளும் நோயாளர் பங்கேற்பும்

கேட்கப்படாத கேள்வி

விழுப்புரம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் வாழ்ந்த என் ஆயாவுக்கு அறுபது வயதைத் தாண்டியதும் மூச்சிரைப்பு வந்தது. நகரத்து மருத்துவமனை ஒன்றுக்கு அழைத்துப் போனோம். மருத்துவர் படிவத்தைப் பார்த்தபடியே, "பீடி, சுருட்டுப் பழக்கம் உண்டாம்மா?" என்று கேட்டார். "ஐயோ, அந்தக் கருமமெல்லாம் கிடையாது சாமி" என்றார் ஆயா. படிவத்தில் அந்தக் கட்டத்துக்கு நேரே 'இல்லை' என்று எழுதப்பட்டது. விசாரணை அத்தோடு முடிந்தது. சிறு பெண்ணாக இருந்த நாளிலிருந்து சீமைக்கருவேல விறகையும் சவுக்கு மிளாறையும் ஊதுகுழலால் ஊதி ஊதி எரித்தவர் அவர். சன்னல் இல்லாத அந்த அடுப்படியின் கூரை வாரையில் கைவைத்தால் கரி பிசுபிசுவென்று ஒட்டும். அடுப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஆயாவும் தானாகச் சொல்லவில்லை. மருத்துவரிடம் சொல்லக்கூடிய சங்கதிதான் அது என்று அவருக்குத் தெரியாது.

இக்கட்டுரையின் வாதம் அந்தப் படிவத்திலிருந்தே பிறக்கிறது. எந்தக் கேள்விக்குக் கட்டம் போடுவது என்பதில் நோயாளிக்குச் சொல் இல்லை. எரிபொருளை மாற்றினால் உடல்நலம் மேம்படுமா என்று பெரும்பொருட்செலவில் நடத்தப்படும் ஆய்வுகளிலும் இதே நிலைதான். எதை நன்மை என்று அளப்பது என்பதைப் புகையைச் சுவாசிப்பவர்களும் சேர்ந்து தீர்மானிக்காதவரை, அந்த ஆய்வுகள் தரும் 'பயனில்லை' என்ற விடை முழுமையான விடையாகாது என்பதே என் நிலைப்பாடு.

நான்கு நாடுகள், நான்கு அளவுகோல்கள்

வீட்டுக்குள் எழும் புகையால் 2020-இல் மட்டும் ஏறத்தாழ 32 லட்சம் பேர் உரிய காலத்துக்கு முன்பே இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. இச்சிக்கலை உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவரான கிர்க் ஸ்மித், 1980களின் தொடக்கத்தில் குஜராத் கிராமங்களில் பெண்கள் சமைக்கும்போது சுவாசிக்கும் காற்றை அளந்து காட்டினார். புகைக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை அடுத்து வந்த பல ஆய்வுகள் உறுதிப்படுத்தின. அடுப்பை மாற்றினால் நோய் குறையுமா என்ற அடுத்த கேள்விக்குச் சமவாய்ப்பு முறையில் வீடுகளை இரண்டாகப் பிரித்து ஒப்பிடும் ஆய்வுகள் தேவைப்பட்டன.

அவற்றுள் மிக விரிவானவற்றில் ஒன்று 'ஹேபின்'. குவாத்தமாலா, பெரு, ருவாண்டா, இந்தியா ஆகிய நான்கு நாடுகளில் ஏறத்தாழ 3,200 கர்ப்பிணிகள் இதில் சேர்க்கப்பட்டனர். இந்தியக் களம் தமிழ்நாட்டின் விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்கள். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் இதை முன்னின்று நடத்தினர். ஒரு பாதிப் பெண்களுக்கு எரிவாயு அடுப்பும் 18 மாதங்களுக்கு வேண்டிய சிலிண்டர்களும் இலவசமாக வீடு தேடி வந்தன. மறுபாதியினர் விறகிலேயே சமைத்தனர். எரிவாயு கிடைத்த பெண்கள் விறகடுப்பை ஏறத்தாழ முழுதாகவே கைவிட்டனர். அவர்கள் சுவாசித்த நுண்துகளின் அளவு கன மீட்டருக்கு 24 மைக்ரோகிராமாக இருந்தது. விறகுக் குழுவில் அது 71.

துகள் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. முடிவுகளோ ஏமாற்றம் தந்தன. 2022-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியான கட்டுரைப்படி, குழந்தைகளின் சராசரிப் பிறப்பெடை எரிவாயுக் குழுவில் 2,921 கிராம், விறகுக் குழுவில் 2,898 கிராம். புள்ளியியல் நோக்கில் இது பொருட்படுத்தத்தக்க வேறுபாடன்று. 2024-இல் வெளியான கட்டுரைகள் குழந்தைகளின் கடும் நிமோனியாவிலும் வளர்ச்சிக் குறைவிலும் வேறுபாடு இல்லை என்று தெரிவித்தன.

இதற்கு ஆய்வுலகம் தரும் விளக்கங்கள் வலுவானவை. கருவுற்றுச் சில மாதங்கள் கழித்தே அடுப்பு வந்தது. எரிவாயுக் குழுவினர் சுவாசித்த காற்றுகூட, உலக சுகாதார நிறுவனம் 2021-இல் ஆண்டுச் சராசரிக்கு வகுத்த 5 மைக்ரோகிராம் வரம்பைவிடப் பல மடங்கு மாசுற்றது. எதிர்பார்க்கப்பட்ட விளைவே மிகையாக இருந்திருக்கலாம் என்பதும் கருதத்தக்கது. தமிழ்நாட்டில் இதே அறிஞர் குழு ஏற்கெனவே நடத்திய ஆய்வில், 10 மைக்ரோகிராம் நுண்துகள் கூடினால் பிறப்பெடை சுமார் 4 கிராம் குறையும் என்று தெரியவந்தது. அதன்படி 47 மைக்ரோகிராம் குறைந்தால் ஏறத்தாழ 19 கிராம் கூட வேண்டும். ஹேபினில் காணப்பட்ட வேறுபாடும் ஏறத்தாழ அவ்வளவே. இது தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் விளைவு சிறிதாக இருப்பது வேறு, விளைவே இல்லாதிருப்பது வேறு என்பதை இந்த எளிய கணக்கு நினைவூட்டுகிறது.

இவ்விளக்கங்கள் அனைத்தும் 'ஏன் மாறவில்லை' என்ற கேள்விக்கானவை. எனக்கு அதற்கு முந்தைய கேள்வி முக்கியமாகப் படுகிறது. ஹேபினின் முதன்மை அளவுகோல்கள் நான்கு. பிறப்பெடை, நிமோனியா, வளர்ச்சிக் குறைவு ஆகிய மூன்றும் குழந்தையைப் பற்றியவை. நான்காவது, வீட்டிலுள்ள மூத்த பெண்ணின் இரத்த அழுத்தம். அது அவருடைய உடலைப் பற்றியதுதான், ஆனால் கருவி காட்டாமல் அவரால் உணர முடியாதது. அடுப்பின் முன் குந்தியிருப்பவர் உணர்ந்து சொல்லக்கூடிய எதுவும் முதன்மைப் பட்டியலில் இடம்பெறவில்லை. துணைத் தரவுகள் பல திரட்டப்பட்டன. இருந்தாலும் ஓர் ஆய்வின் தீர்ப்பு முதன்மை அளவுகோல்களைக் கொண்டே எழுதப்படுகிறது. அரசின் காதுக்கு எட்டுவதும் அதுவே.

சோர்வு எப்படி அளவுகோல் ஆனது

நோயாளர் பங்கேற்பு என்பது ஆய்வுக்கு உட்படுவதைக் குறிக்காது. ஆய்வை வடிவமைக்கும் இடத்தில் உடனிருப்பதைக் குறிக்கும். தங்கள் நலப்பணியைத் திட்டமிடுவதிலும் நிறைவேற்றுவதிலும் பங்கேற்பது மக்களின் உரிமையும் கடமையும் என்று 1978-இலேயே அல்மா ஆட்டா பிரகடனம் அறிவித்தது. அந்த உரிமை அறிவியலுக்கு என்ன தரும் என்பதற்கு முடக்குவாத ஆய்வைக் காட்டலாம்.

முடக்குவாத மருந்துகளைச் சோதிக்கும்போது எவற்றை அளக்க வேண்டும் என்று வகுக்க 1992-இல் 'ஓமெராக்ட்' என்ற பன்னாட்டு முயற்சி தொடங்கியது. வீங்கிய மூட்டுகளின் எண்ணிக்கை, வலி, இரத்தப் பரிசோதனை ஆகியவை பட்டியலில் இருந்தன. 2002-இல் நடந்த கூட்டத்துக்கு நோயாளிகளும் அழைக்கப்பட்டார்கள். தங்களை முடக்கிப்போடுவதில் சோர்வுக்குப் பெரும்பங்கு உண்டு என்று அவர்கள் எடுத்துரைத்தார்கள். பட்டியலில் சோர்வு இல்லை. அதன்பின் சோர்வை அளக்கும் முறைகள் ஆராயப்பட்டு, இயன்ற ஆய்வுகளிலெல்லாம் அதையும் அளக்க வேண்டும் என்ற இணக்கம் உருவானது. தேர்ந்த வல்லுநர்கள் பத்தாண்டு கூடிப் பேசியும் விட்டுப்போன ஒன்று, நோயாளிகள் வந்து உட்கார்ந்ததும் வெளிப்பட்டது. வல்லுநர்களின் அறிவுக் குறைவு இதற்குக் காரணமன்று. நோயோடு விடிந்து நோயோடு படுப்பவருக்கே தெரியும் செய்திகள் உண்டு.

வீட்டைச் சூடாக்கியபோது

ஆற்றலையும் உடல்நலத்தையும் இணைத்த ஆய்வுகளில் இதே பாடத்தை நியூசிலாந்து தருகிறது. அங்கே சிக்கல் புகையைவிடக் குளிர். பிலிப்பா ஹவ்டன்-சாப்மன் தலைமையிலான குழு, வருமானம் குறைந்த ஏழு பகுதிகளில் 1,350 வீடுகளின் கூரைக்கும் தரைக்கும் குளிர்காப்பு செய்து பார்த்த ஆய்வு 2007-இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் வெளியானது. அந்தந்தச் சமூகத்தினரோடு கைகோத்து நடந்த அந்த ஆய்வு, வீட்டில் வாழ்பவர் உணர்வதையே அளந்தது. மூச்சில் இளைப்புச் சத்தம் குறைந்தது, பள்ளிக்கும் வேலைக்கும் போகாத நாட்கள் குறைந்தன, தம் உடல்நலத்தைப் பற்றிய மக்களின் சொந்த மதிப்பீடு உயர்ந்தது.

அடுத்த ஆண்டு வெளியானது இன்னும் கூர்மையான சான்று. ஆஸ்துமா உள்ள குழந்தைகளைக் கொண்ட 409 வீடுகளில் பழைய சூடேற்றிகளுக்குப் பதிலாக மாசு குறைந்த, திறன் கூடிய சூடேற்றிகள் பொருத்தப்பட்டன. முதன்மை அளவுகோலான நுரையீரல் திறனில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. அதோடு நின்றிருந்தால் சூடேற்றியால் பயனில்லை என்றே எழுதியிருப்பார்கள். ஆனால் இரவு இருமலும் இளைப்பும் குறைந்தன. பள்ளிக்குப் போகாத நாட்கள் சராசரியாக 1.8 குறைந்தன; மருத்துவரிடம் போவதும் குறைந்தது. ஒரு தாய்க்கு இவையல்லவா ஆஸ்துமா? 2009-இல் அந்நாட்டு அரசு வீடுகளின் குளிர்காப்புக்கு மானியம் தரும் பெருந்திட்டத்தைத் தொடங்கியது. செலவைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு பயன் கிடைத்ததாகப் பின்னர் வந்த மதிப்பீடு கூறியது.

மீண்டும் அடுப்படிக்கு

குவாத்தமாலா மலைப்பகுதியில் புகைபோக்கி அடுப்பைச் சோதித்த பழைய ஆய்வில் மருத்துவர் கண்டறிந்த நிமோனியா மொத்தத்தில் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. கடும் நிமோனியா மட்டும் குறைந்தது. அதே ஆய்வில் பங்கேற்ற மாயன் பழங்குடிப் பெண்களின் கண்ணெரிச்சலும் தலைவலியும் தெளிவாகக் குறைந்தன என்று 2007-இல் தனிக் கட்டுரை வெளியானது. நிமோனியாவைப் பற்றிய விவாதம் உலகெங்கும் நடந்தது. கண்ணெரிச்சல் அடிக்குறிப்பாகவே நின்றுவிட்டது.

அளவுகோலோடு முடிவதில்லை, கேட்காமல் விடுவதால் வரும் இழப்பு. ஒடிசாவில் பொருளியலாளர்கள் ஹன்னா, டுஃப்லோ, கிரீன்ஸ்டோன் ஆகியோர் நான்கு ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்த மேம்பட்ட அடுப்புகள் முதல் ஆண்டில் புகையைக் குறைத்தன. பிறகு அவற்றை மக்கள் ஒழுங்காகப் பயன்படுத்தவோ பழுதுபார்க்கவோ இல்லை; பயன் கரைந்துபோனது. ஏழை வீடுகளுக்கு எரிவாயு இணைப்பு தர 2016-இல் உத்தரப்பிரதேசத்தின் பலியாவில் தொடங்கிய உஜ்வலா திட்டம் இன்று 10 கோடிக்கும் மேற்பட்ட வீடுகளை எட்டியிருக்கிறது. 14.2 கிலோ சிலிண்டரை அந்த வீடுகள் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ நான்கு முறையே நிரப்புகின்றன. மீதி நாட்களில் என்ன எரிகிறது என்பது கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். தேசியக் குடும்பநல ஆய்வு கேட்பதோ முக்கியமாகப் பயன்படும் எரிபொருள் எது என்பதை. தேநீருக்கும் குழம்புக்கும் எரிவாயு, வெந்நீருக்கும் மாட்டுக் கஞ்சிக்கும் முற்றத்து விறகடுப்பு என்று இரண்டும் எரியும் வீடு, அந்தக் கணக்கில் தூய எரிபொருள் வீடாகிவிடும். வெந்நீரைப் பற்றி அடுப்படிப் பெண்களிடம் முதலிலேயே கேட்டிருந்தால், ஆய்வும் திட்டமும் வேறு வடிவம் பெற்றிருக்கும்.

இரண்டு மறுப்புகள்

முதல் மறுப்பு அறிவியல் சார்ந்தது. புது அடுப்பு வந்ததை மறைத்து ஆய்வு செய்ய முடியாது. பரிசு பெற்றவர் நலமாக இருப்பதாகவே சொல்வார். எடைத்தராசு பொய் சொல்லாது. இதை நான் ஏற்கிறேன். எனவே பிறப்பெடையைக் கைவிடச் சொல்லவில்லை. அதனருகே இன்னொரு கட்டம் கேட்கிறேன். பள்ளிக்குப் போகாத நாட்களை வருகைப் பதிவேட்டில் சரிபார்க்கலாம். இரவு இருமலைக் கருவி பதியும். ஆறு நிமிடத்தில் நடக்கும் தூரத்தை அளக்க மருத்துவத்தில் நிலைபெற்ற முறை இருக்கிறது. எதை அளப்பது என்பதை நோயாளி சொல்லட்டும், எப்படி அளப்பது என்பதை அறிவியலார் பார்த்துக்கொள்ளட்டும்.

இரண்டாம் மறுப்பு இன்னும் ஆழமானது. புகையிலேயே வாழ்ந்தவர் தன் துன்பத்தைத் துன்பமாகவே கருதாதபோது அவரிடம் கேட்டு என்ன பயன்? கடைசி இரண்டு ஆண்டுகள் என் ஆயா படுத்து உறங்கவில்லை. படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு, திண்ணைத் தூணில் சாய்ந்தபடி விடியும்வரை உட்கார்ந்திருப்பார். "எப்படி இருக்கு ஆயா?" என்று கேட்டால் "நல்லாத்தான் இருக்கேன்" என்பார். ஒருநாள் என் அம்மா வெகுநேரம் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, "ஒரு ராத்திரி நீட்டிப் படுத்தாப் போதும்டி" என்று சொன்னார். படிவத்தை நீட்டியிருந்தால் அந்தச் சொல் வந்திருக்காது. ஆகவே இந்த மறுப்பு, கேட்க வேண்டாம் என்று நிறுவவில்லை. அவசரமாகக் கேட்கக் கூடாது என்றே நிறுவுகிறது.

பங்கேற்பு வெறும் சடங்காகிவிடும் ஆபத்தும் உண்டு. 1969-இல் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் குடிமக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்தார். கீழ்ப்படிகளில் மக்கள் கூட்டத்துக்கு அழைக்கப்பட்டுத் தலையாட்டிவிட்டுப் போவார்கள்; மேற்படிகளில்தான் முடிவெடுக்கும் அதிகாரம் கைமாறுகிறது. நம் ஆய்வுகளின் ஒப்புதல் படிவத்தில் பெறப்படும் கைநாட்டு இந்த ஏணியில் ஏறவே இல்லை.

செய்யத்தக்கவை

இனிவரும் அடுப்பு ஆய்வுகளுக்கு மூன்று நெறிகளை முன்வைக்கிறேன். முதலாவது, முதன்மை அளவுகோல்களில் ஒன்றையேனும் அந்த ஊரில் சமைப்பவர்களும் மூச்சுநோயாளிகளும் கூடித் தேர்ந்தெடுக்க வேண்டும். நிதி கோரும் விண்ணப்பம் எழுதப்படுவதற்கு முன்பே அது நடக்க வேண்டும். இரண்டாவது, அவர்கள் செலவிடும் நேரத்துக்கு ஒரு நாள் கூலிக்குக் குறையாத ஊதியம் தர வேண்டும். நடவுக்குப் போகாமல் கூட்டத்துக்கு வருபவரிடம் இலவச உழைப்பைக் கேட்பது அறமாகாது. மூன்றாவது, முடிவுகளை அந்தப் பெண்களின் முன்னிலையில் அவர்கள் மொழியில் சொல்லி, அவர்கள் தரும் விளக்கத்தையும் கட்டுரையில் சேர்க்க வேண்டும்.

விழுப்புரத்திலும் நாகப்பட்டினத்திலும் 18 மாதம் எரிவாயுவில் சமைத்த நூற்றுக்கணக்கான பெண்கள் இன்றும் இருக்கிறார்கள். இலவச சிலிண்டர் நின்றபின் விறகுக்குத் திரும்பியவர் உண்டா, திரும்பாமல் எதைக் குறைத்துக்கொண்டு சிலிண்டர் வாங்குகிறார்கள், அந்த 18 மாதத்தில் உடம்பில் எதை உணர்ந்தார்கள் என்பதற்கெல்லாம் அவர்களிடம் விடை இருக்கும். அடுத்த ஆய்வின் முதல் கூட்டம் அவர்களோடு நடக்கட்டும்.